தகுதியுரை, அலுவலகப் பிரதி

பட்டம் தர நமக்குச் சட்டமில்லை,
பட்டயம் என்று அடி, என்றார் முதல்வர்.
'கௌரவ' என்ற சொல்லை மட்டும்
கொஞ்சம் பெரிய எழுத்தில்.

குளிர்பதனப் பிரிவுக்கும் தையல் பிரிவுக்கும் நடுவே
என் கணினி.
வாலிநோக்கத்து உப்புக்காற்று
விசைப்பலகையில் முதலில் தின்றது 'ன'வை.
அதை மட்டும் இரண்டு முறை அழுத்த வேண்டும்.

முதல் தகுதியுரை
திரு. குருந்தலிங்கம் அவர்களுக்கு.
இறால் ஏற்றுமதி.
எட்டு வகுப்பறை, குடிநீர் சுத்திகரிக்கும் எந்திரம்,
ஒரு கூட்ட அரங்கு, அதில் பன்னிரண்டு மின்விசிறி.
ஒவ்வோர் இறக்கையிலும் அவர் தாயார் பெயர்;
சுற்றும்போது படிக்க முடியாது.
நல்ல மனிதர்தான். கட்டணம் கட்ட முடியாத
பதினாறு பிள்ளைகளின் பெயர் அவருக்கு மனப்பாடம்.
அதையும் அடித்தேன்.

இரண்டாவது
சங்குமுனை முத்துராக்குவுக்கு.
கல்வித்தகுதிக் கட்டத்தில் என்ன போட என்று
செல்போனில் கேட்டேன்.
"மூணாப்பு. பாதியில நின்னுட்டேன்னு போட்றாத,
பள்ளிக்கூடந்தான் நின்னுபோச்சு."

பத்தொன்பது வருடம்.
மூன்று சக்கர வண்டி, எட்டு பிளாஸ்டிக் குடம்.
நாலு கிலோமீட்டர் தள்ளி மணல்மேட்டில் ஓர் ஊற்று,
சிரட்டையால் அள்ள வேண்டும்.
ஒரு குடம் நிறைவதற்குள்
ஒரு வெற்றிலையை மென்று துப்பிவிடலாம்.
பிள்ளை பெற்ற வீடு, பாயோடு கிடக்கிற வீடு,
கடலுக்குப் போன ஆள் திரும்பாத வீடு.
காசு வாங்கியதில்லை.
காசு கொடுக்க முடிந்த வீட்டு வாசலில்
வண்டி நின்றதுமில்லை.

எப்போதிலிருந்து?
படிவத்தில் இந்தக் கேள்வி உண்டு.
"ஊர்க்கெணறு கரிச்ச வருசத்துலருந்து."
ஏன் கரித்தது?
படிவத்தில் இல்லை, நான்தான் கேட்டேன்.
"வடக்க பண்ணைக்குக் கொளம் வெட்டுனாங்கல்ல."

எந்தப் பண்ணை என்று கேட்கவில்லை.
முதல் தாளின் இரண்டாம் பத்தியில்
நானே அடித்திருந்தேன்:
'சங்குமுனையில் சிறிதாகத் தொடங்கி…'

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
ஒரே ஊர், ஒரே வருடம்.
சாப்பாட்டு மணி அடித்தது.
சாப்பிட்டு வந்து
எழுத்துப்பிழை மட்டும் திருத்தினேன்.

அங்கிகள் மதுரையிலிருந்து, வாடகைக்கு.
அவருக்கு வயிற்றில் பிடித்தது,
அவளுக்குத் தரையில் இழுபட்டது.
குஞ்சம் வைத்த தொப்பியை
சும்மாடு மாதிரி அழுத்திவிட்டுக்கொண்டாள்.
மூன்றாம் வரிசை முழுக்கச் சங்குமுனை ஆட்கள்.
ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில் கொடுத்தோம்,
ஒருவரும் திறக்கவில்லை.
மடியில் வைத்திருந்தார்கள், வீட்டுக்கு.

முதல்வர் படித்தார், இரண்டையும், ஆண்டு விடாமல்.
இரண்டாம் முறை அந்த ஆண்டு வந்தபோது
குருந்தலிங்கம் நிமிர்ந்து விசிறியைப் பார்த்தார்.
பிறகு சாய்ந்து அவளிடம் ஏதோ கேட்டார்.
அவள் வடக்கே கை காட்டினாள்,
முழங்கையைத் தொட்டு ஏதோ ஆழம் சொன்னாள்.
அவர் தலையசைத்தார்.
தொப்பி நழுவியதால் இருக்கலாம்.

ஏற்புரைக்கு மைக்கைத் தாழ்த்திக் கொடுத்தோம்.
"இன்னக்கி வண்டி வரல.
ஒம்பது வீடு.
மாப்புக் குடுக்கணும்."
அவ்வளவுதான்.
அரங்கு கைதட்டியது, எதற்கென்று தெரியாமல்.
முதலில் தட்டியவர் குருந்தலிங்கம்.

மறுவாரம் மதுரையிலிருந்து ரசீது:
ஓர் அங்கியின் விளிம்பில் வெள்ளைக் கறை,
வெளுக்க நூற்றைம்பது ரூபாய் பிடித்தம்.
செலவுச்சீட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
உப்பு என்று அடித்தேன்.
அந்தச் சொல்லில் 'ன' இல்லை.
ஒரே அழுத்தில் விழுந்தது.