பிடிக்காதீங்கண்ணே

அரசரடி ரயில்வே மைதானத்தில்
பதினோரு வருஷம் வலைக்கு முன்னால் நின்றவன் இருளாண்டி.
என் பெனால்டி மூன்றைப் பிடித்தவன்.
ஒன்றை ஒற்றைக் கையால்;
அதைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வான்.

மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் ஷூட்டிங்.
வில்லனுக்குப் பின்னால் நிற்க
ஆறடிக்கு மேல் ஆள் வேண்டுமாம்.
வேடிக்கை பார்க்கப் போனவனுக்குக்
கறுப்புச் சட்டை மாட்டிவிட்டார்கள்.

கதாநாயகன் எறியும் பானை
இவன் நெற்றியில் உடைய வேண்டும்.
அவ்வளவுதான் காட்சி.

முதல் டேக்கில் பிடித்துவிட்டான்.
அடுத்ததில் பிடித்து, நெஞ்சோடு அணைத்து,
யாருக்குத் தூக்கிப் போடலாமென்று
வலது ஓரம் பார்த்தான்.
"பிடிக்காதீங்கண்ணே" என்று கெஞ்சினான் உதவி இயக்குநர்.
ஏழாவதில் கையைப் பின்னால் கட்டினார்கள்.
காலால் தடுத்தான்.

டைரக்டர் விழுந்து விழுந்து சிரித்து
அதையே படத்தில் வைத்துவிட்டார்.

இதுவரை பதினான்கு படம்.
எல்லாவற்றிலும் அவனை நோக்கி ஏதாவது பறந்து வரும்,
சட்டி, செருப்பு,
ஒரு தடவை உயிருள்ள சேவல்.
பெரியார் நிலையத்துப் பரோட்டா மாஸ்டர்
மாவு உருண்டையை வீசிப் பார்க்கிறார்.
பிடிக்கிறான். சால்னாவுக்குக் காசில்லை.

நேற்று திருநகர் தியேட்டரில்
பதினைந்தாவது.
மகன் செத்த சேதி வருகிறது.
கையிலிருந்த காபி டம்ளர் நழுவுகிறது.
அவன் குனியவில்லை.
விரல்கூட அசையவில்லை.
அது உருண்டு, உருண்டு, வாசல்படியில் நின்றது.

பக்கத்து சீட்டில் மூக்கை உறிஞ்சினார்கள்.
நான் எழுந்து நின்று
"கோல்!" என்று கத்திவிட்டேன்.
உட்காருய்யா என்றது பின்வரிசை.

ராத்திரி போனில் கேட்டேன்,
எத்தனை டேக்குடா?

முப்பத்தொன்று என்றான்.
பிறகு கொஞ்ச நேரம்
ரெண்டு பேருமே பேசவில்லை.