எட்டாம் வால்வு

பதினான்கு நாள் காஸ்பியன் கடல் மேடையில்,
பதினான்கு நாள் பாகூவில்.
கடலில் நாளுக்கு ஒரு சொல் சேர்ப்பேன்.
கரையில் சேர்ப்பதில்லை. அங்கே மனைவி இருக்கிறாள்,
பதினான்கு நாள் பேச்சு பாக்கி வைத்திருப்பாள்.

கிழிந்த அனுமதிச் சீட்டின் பின்பக்கம்
பென்சிலால் எழுதி
லாக்கர் கதவின் உட்புறம் ஒட்டுவேன்.
நானே போட்ட விதி ஒன்று உண்டு:
மூன்று முறை கையாண்டால்தான் சொல் சொந்தமாகும்.
யாரிடம் கையாள்வது?
சமையற்காரனுக்கு ருஷ்யன் போதும்,
கடற்காகத்துக்கு ரொட்டி போதும்.
குழாய்களிடம் கையாண்டேன்.

பதிவேட்டில் என் கையெழுத்து:
'மூன்றாம் பம்பு இன்று மனம் சோர்ந்திருக்கிறது.'
'அழுத்தமானியின் முள்ளில் ஒரு தார்மீகத் தயக்கம்.'
'எட்டாம் வால்வு ஆற்றொணாத் துயரில்.'
ஓரத்தில் நிகார் ஹானும், சிவப்பு மையில்:
'முபாரிஸ், சொட்டுகிறதா இல்லையா?'

சொட்டியது. துணியால் துடைத்தேன்.

எங்கள் மொழியில் எழுதியபடி படிப்போம்,
படித்தபடி பேசுவோம்.
ஆங்கிலத்தில் 'கடன்' என்ற சொல்லுக்குள்
ஒரு 'பி' பதுங்கியிருக்கிறது,
வட்டிக்காரன் தெருவில் வரும்போது
கதவுக்குப் பின்னால் நிற்பவன் போல.
தீவுக்குள் ஒரு 'எஸ்' வாய் திறப்பதே இல்லை.
இப்படி இருநூறு சொற்கள் தெரியும் எனக்கு,
பொருள் தெரியும், எங்கே பொருந்தும் என்று தெரியும்,
ஒன்றின் குரலும் தெரியாது.
புகைப்படம் பார்த்தே நிச்சயமான மணமகள்கள்.

பிப்ரவரியில் கஸ்ரி அடித்தது.
வடக்கிலிருந்து வரும் காற்று அது, மூன்று நாள் ஹெலிகாப்டர் இல்லை.
இரவு இரண்டு பத்துக்கு எட்டாம் வால்வின் அருகே நின்றேன்.
சொட்டு இல்லை.
இணைப்பின் அடியில் உலோகம் லேசாக வியர்த்திருந்தது.
கையுறையைக் கழற்றி விரல் வைத்தேன்:
ஈரம் என்று சொல்ல முடியாது,
உலர்ந்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது.
கசிகிறது என்றால் சைரன், மேடை முழுக்க நிற்கும்.
கசியவில்லை என்றால் பொய்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் இருந்தது,
லாக்கர் கதவில், நான்காம் வரிசையில்.
முளைவிடப் போகும் நிலையில் இருப்பது,
இன்னும் ஆகாதது, ஆகத் தொடங்கியது.
அந்தச் சொல்லை ஒட்டியிராவிட்டால்
அந்த வியர்வையைப் பார்த்திருப்பேனா, தெரியாது.

வாக்கி டாக்கியை அழுத்தினேன்.
சொல்லின் மூன்றாம் எழுத்து 'சி'.
எங்கள் நெடுங்கணக்கில் அது 'ஜ'.
இன்ஜி என்பதா, இன்கி என்பதா, இன்சி என்பதா?
காற்று காதைக் கடித்தது.
கட்டுப்பாட்டு அறையில் மர்டோ, ஸ்காட்லாந்துக்காரன்:
'எட்டாம் வால்வு. சொல், கேட்கிறேன்.'
தொண்டை வரை வந்தது.

பிறகு ஒவ்வொரு எழுத்தாக அனுப்பினேன்.
இந்தியா. நவம்பர். சார்லி.
இந்தியா. பாப்பா. இந்தியா.
எக்கோ. நவம்பர். டாங்கோ.
கடைசியில் 'கசிவு' என்பதை மட்டும் வாயால் சொன்னேன்.

இரைச்சல்.
அவன் எழுதிப் பார்க்கிறான் என்று தெரிந்தது.
'புரிந்தது. அந்தப் பாதையை மூடுகிறேன். தள்ளி நில்.'

விடிகாலையில் தேநீர்.
மர்டோவுக்கும் பழக்கிவிட்டோம்,
சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் பிடித்து
இடை சிறுத்த கண்ணாடிக் குவளையிலிருந்து உறிஞ்ச.
'அதை ஏன் சும்மா சொல்லவில்லை?' என்றான்.
'எப்படிச் சொல்வதென்று தெரியாது. நீ சொல்.'
வாய் திறந்தான்.
சர்க்கரைக் கட்டி மடியில் விழுந்தது.
மூடினான்.
இருபது வருடமாக ஆய்வறிக்கைகளில் வாசிக்கிறானாம்,
ஒருமுறையும் உரக்கச் சொன்னதில்லையாம்.
'இன்சி...' என்று தொடங்கினான், 'என்றுதான் நினைக்கிறேன்.'
அவன் தாய்மொழியும் ஆங்கிலமில்லை,
அவன் தீவில் வீட்டுக்குள் வேறு மொழி.
இருவரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிப் பார்த்தோம்,
உணவறையில் தூங்கியவன் ஒருவன் வசைபாடும் வரை.

பதிவேட்டில் நிகார் ஹானும் ஒரு சரிக்குறி போட்டிருந்தாள்.
மூன்றில் ஒன்று ஆயிற்று, இரண்டு பாக்கி.
எட்டாம் வால்வை மாற்றிவிட்டார்கள்.
புதியது எலும்பு போல் உலர்ந்து கிடக்கிறது,
அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை.