மிச்சம் நூறு

கட்டுநாயக்காவில் இருந்து சென்னை
அறுநூற்று நாற்பது கிலோமீற்றர்,
ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் என்றது போன்.
முழங்காவிலில் இருந்து கட்டுநாயக்கா
எனக்குத் தெரியும்:
ஏழு மணித்தியாலம்,
மதவாச்சியில் மறித்தால் எட்டு.

இமெல்டா பின்சீற்றில்.
மாப்பிள்ளை சூரிச்சில். இங்கே கால் வைக்க ஏலாத ஆள்.
அதனால் கலியாணம் சென்னையில்,
இரண்டு பேருக்கும் நடு என்று
யாரோ நினைத்துக்கொண்ட ஊரில்.
பள்ளமடு தாண்டும்வரை
சேலைப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள்.
பிறகு கேட்டாள்:
"அண்ணை, பிளேன் எங்கடை ஊருக்கு மேலாலையோ போகும்?"

வானை ஓரங்கட்டிப் படத்தை விரித்தேன்.
கோடு நேர் வடக்கே ஏறியது.
வில்பத்து, அடம்பன், வெள்ளாங்குளம்,
பிறகு எங்கள் சேர்ச்சின் கூரையை உரசிக்கொண்டு.
ஓம் என்றேன்.
உடனே தம்பிக்கு அடித்தாள்.
"டேய் றொக்சன், விடிய மூன்றரைக்கு
தண்ணித் தாங்கியிலை ஏறி நில்.
கடலுக்குக் கொண்டு போற பெரிய ரோச்சை எடு."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் எனக்கு அனுமதி இல்லை.
ஆள் உள்ளே போன பிறகும் நான் உடனே திரும்புவதில்லை.
மறித்து அனுப்பிய ஆட்களைத் திருப்பி ஏற்றிய பழக்கம்,
ஒரு தரம் ஒரு கிழவர்,
ஒரு தரம் தாயும் பிள்ளையும்.
அந்தப் பாதைக்கு நான் காசு கேட்டதில்லை.

இரண்டு மணிக்கு போர்டிங் பாசைப் படமெடுத்து அனுப்பினாள்.
பதினேழு சி.
நான் பறந்தவன் இல்லை,
ஆனால் எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன்.
சி என்றால் நடைபாதை ஓரம்.
அதை எழுதவில்லை.
"நல்லது தங்கச்சி" என்று மட்டும் போட்டேன்.

மூன்று பத்துக்கு அது வெளிக்கிட்டது. நானும்.
கொச்சிக்கடைப் பாலத்தடியில் நிற்பாட்டிப் பார்த்தேன்:
நகத்தளவு மஞ்சள் பிளேன்
வெள்ளாங்குளத்தைத் தொட்டது.
நான் பதினைந்து கிலோமீற்றர் ஓடியிருந்தேன்.
அவள் வீட்டுக்கே போய்விட்டாள்,
பத்து கிலோமீற்றர் உயரத்தில்,
முன்பின் தெரியாத இரண்டு பேர் யன்னலை மறைக்க.
நாய்கூடக் குரைத்திருக்காது.
போனைத் துடைத்துவிட்டுப் பார்த்தால்
படத்தில் கடல்.

பின்சீற்றில் சாப்பாட்டுப் பெட்டி கிடந்தது.
புட்டு, திருக்கைப் பொரியல், பாதிக்கு மேல்.
புத்தளத்து உப்பளம் வெளுக்கிற நேரம்
நான் அதைச் சாப்பிட்டேன்.
அவள் அங்கே இறங்கி ஒரு மணித்தியாலம்.

பத்தரைக்கு றொக்சன் படலையில் நின்றான்,
நித்திரை கொள்ளாத கண்.
"போனது அண்ணை! சிவப்பு லைற். பதினொரு தரம் அடிச்சனான்.
அக்கா ஏதும் சொன்னவவோ?"
பார்த்திருப்பாள் என்றேன்.
பெட்டியைக் கழுவாமலே கொடுத்தேன்.

காசு எண்ணும்போது கேட்டான்,
எத்தனை கிலோமீற்றர் என்று.
ஒரு பக்கம் முந்நூற்று நாற்பது.
"மேலாலை?"
இருநூற்று நாற்பது.
"அப்ப மிச்சம் நூறு என்னத்துக்கு?"

வில்பத்துக் காட்டைச் சுற்ற, என்றேன்.
மதவாச்சி வரை போய்த் திரும்ப.
எண்ணிய தாள்களைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்,
தான் கேட்டது அது இல்லை என்பதுபோல.

உள்ளே தாய் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து
மூடி எங்கே என்று கேட்டாள்.

வானுக்குள்தான் எங்கேயோ கிடக்கும்.