ஊசிப்பனை

கடற்கரை மாதிரி இருக்கணும் என்றார் வெர்லின் கேகிள்,
டென்னசியில், மலையடியில், டயர்க் கடை வாசலில்.
அவர் காட்டிய படத்தில் நெட்டையாய் ஒன்று.
நான் வண்டியிலிருந்து இறக்கியதோ
இடுப்பளவும் வராத இது.

"பனையா, புதரா?"
பனைதான். விசிறி விசிறியாய் ஓலை,
அடியில் சாண் நீளக் கருப்பு ஊசிகள்.
வருஷத்துக்கு ஒரு விரற்கடை வளரும்.
"பார்க்க நான் இருப்பேனா?"
ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

அந்த ஜனவரியில் பனிமழை.
மூன்று நாள் கரண்ட் இல்லை.
எதிர் உணவகத்தார் கம்பளி சுற்றி,
பல்புச் சரம் கட்டிக் காத்த நெட்டைப் பனையின் குருத்து
இழுத்ததும் கையோடு வந்தது, அழுகிய வாடையோடு.
இதன்மேல் கண்ணாடி படிந்திருந்தது.
உருகியது. அவ்வளவுதான்.

ஆறாவது வருஷம் போன் செய்கிறார்:
உள்ளே காய் இருக்குது!
(பின்வேலியோரம் ஓர் ஆண் கன்றை
நான் காசு கேட்காமல் நட்டது
அவருக்குத் தெரியாது.)
காய் கீழே விழ ஊசி விடாது.
பிடித்து வைத்துக்கொண்டு
தன் காலடியிலேயே மட்க வைக்கும்.
ஊரில் இது அதிகம் இல்லாததற்கு
பாதிக் காரணம் அது.

நான் போனபோது
அவர் கையில் கறி வாட்டும் இடுக்கி,
புறங்கையில் மூன்று ரத்தப் பொட்டு.
காபிக் குவளையில் ஏழு காய், பழுப்பு ரோமத்தோடு.

"முளைக்க?"
ஒரு வருஷம். இரண்டும் ஆகலாம்.

எழுபத்தெட்டு வயதுக்காரர்
குவளைமேல் தேதி எழுதினார்,
மூடியைப் பல்லில் கடித்தபடி.
பிறகு, எட்டாவது ஒன்று தெரியுது என்று
மறுபடி குனிந்தார்.