தலா அறுபது

ஜம்பட்டா வீதியில் ஒடுங்கிய படியேறி
முதலாம் மாடி.
டெலிசியாவின் சலூன் கண்ணாடியைச்
சுவரிலிருந்து கழற்றி
மணப்பெண் உட்காரும் கதிரையில்
குப்புறக் கிடத்தினேன்.
முதுகைத் திறந்தால்
நான்கு சரம், ஒரு டிரைவர்,
காய்ந்த பல்லி ஒன்று,
எப்போதோ தவறி விழுந்த கொண்டை ஊசி.

டிரைவரில் பிழையில்லை.
இருநூற்று நாற்பது மில்லிஅம்பியர் என்று
நெற்றியில் எழுதியிருந்தது,
அதைத்தான் கொடுத்தது.
நான்காய்ப் பிரித்தால் தலா அறுபது.
கணக்கு அதோடு முடிந்ததென்று
யாரோ ஒட்டி, மூடி, விற்றுவிட்டான்.

சரம் சரமாய் மீட்டரை நுழைத்தேன்.
இடது கரை தொண்ணூற்றொன்று.
மேலே அறுபத்திரண்டு.
கீழே நாற்பத்தெட்டு.
வலது கரை
முப்பத்தொன்பது.

ஒளிகாலும் இருவாயி.
பரீட்சைக்குப் பாடமாக்கிய சொல்.
வாய் எல்லாவற்றுக்கும் இரண்டுதான்,
பசி ஒன்றுபோல இல்லையென்று
புத்தகத்துப் படத்தில் கீறியிருக்கவில்லை.
ஒரே பெட்டியில் வந்தவைதான் இவையும்.
ஒன்றுக்கு மட்டும்
சற்றுக் குறைந்த அழுத்தமே போதும்,
அதனால் கூடக் குடிக்கும்.
குடித்தால் சுடும்.
சுட்டால் இன்னும் குறைவே போதும்,
இன்னும் கூடக் குடிக்கும்.
இடது கரையில் பசை உருகிப்
பட்டி மஞ்சளாய்ப் போயிருந்தது.
அது செத்தால்
அதன் பங்கு மற்ற மூன்றின் தலையில்.

"கண்தான் பழுதாப் போச்செண்டு நினைச்சன்."
வெள்ளவத்தைக்குப் போய்
மூக்குக்கண்ணாடி மாற்றியிருக்கிறாள்,
பதினெட்டாயிரம்.
ஆறு மாதமாய்
வருகிற முகத்துக்கெல்லாம்
வலது கன்னத்தில் ஒரு பூச்சுக் கூட.
கோயில் வாசல் வெயிலில் எடுத்த படத்தைக்
கொண்டுவந்து மேசையில் போட்டாளாம்
ஒரு பெண்ணின் தாய்.
இடப்பக்கம் மகள்.
வலப்பக்கம் மாக்கட்டி.
அன்றைக்குத்தான்
உதவிக்கு நின்ற மெரிஷாவை
ஏசி அனுப்பினது.

முதலாம் குறுக்குத் தெருவில்
இம்தியாஸிடம் வாங்கிய தடையி,
இருபத்திரண்டு ஓம்,
ஒன்று பன்னிரண்டு ரூபா.
நெல்லுமணிப் பருமன்.
சிவப்பு, சிவப்பு, கறுப்பு, தங்கம்.
சரத்துக்கு ஒன்றாய்ப் பற்றவைத்தேன்.
ஈயப்புகைக்கு ஜன்னலைத் திறந்தவள் கேட்டாள்:
"மங்கலா எரியிறதுக்குமா தடை?
அது ஏற்கெனவே ஏலாமத்தானே கிடக்கு."

நல்ல கேள்வி.
இது கதவு இல்லை அக்கா, வரி, என்றேன்.
கூடக் குடிப்பதிடம் கூடப் பிடிக்கும்,
குறையக் குடிப்பதிடம் குறையப் பிடிக்கும்.
மொத்தம் மாறாதபடியால்
அங்கே மறித்தது இங்கே வந்துதான் ஆகவேண்டும்.
கொழுத்ததற்கு மட்டும் போட்டால்
நாளைக்கு அடுத்தது கொழுக்கும்.
முக்கால்வாசி விளங்கியதுபோல்
தலையாட்டினாள்.
சொல்லும்போது எனக்கும்
முக்கால்வாசிதான்.

திரும்ப அளந்தேன்.
அறுபத்தாறு, அறுபத்தொன்று,
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தைந்து.
அறுபது எங்கேயும் வரவில்லை.
"காணுமா?"
"கண் கண்டுபிடிக்காது."
தடையியில் விரல் வைத்துப் பார்த்தேன்,
இளஞ்சூடு.
இந்தச் சூடு ஒருவருக்கும் வெளிச்சமாகாது.
பிரிப்புக்கூலி.

கண்ணாடியைத் தூக்கி மாட்டினோம்.
மணப்பெண் கதிரையில்
டெலிசியா தானே உட்கார்ந்து
முகத்தை இப்படித் திருப்பினாள்,
அப்படித் திருப்பினாள்.
இரண்டு கன்னத்திலும் ஒரே வயது.
"மெரிஷான்ர கை சரியாத்தான் இருந்திருக்கு"
என்றாள்,
என்னிடமில்லை.

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு
மேக்கப் பெட்டிமேல் வைத்தாள்.
மணி போனது.
நான் வயர்த் துண்டுகளைப் பொறுக்கினேன்.
மணி போய் நின்றது.
காசை எண்ணித் தரும்போது
ஐந்நூறு குறைக்கலாமா என்றாள்,
இருநூறு குறைத்தேன்.

படியிறங்குகையில்
இரண்டாம் முறை மணி போவது கேட்டது.
சந்திவரை வந்து
சட்டைப் பையைத் தடவினேன்:
மிச்சத் தடையி ஒன்று,
பஸ் காசு.
கொண்டை ஊசியைக் காணவில்லை.
உள்ளேயே வைத்து மூடிவிட்டேனோ,
எந்த இரண்டு கம்பிக்கு நடுவில்.
திரும்பிப் படியேறினேன்.