காலிக் கட்டம்

மில்லின் புது மேனேஜ்மென்ட் கொடுத்த பாரத்தில்
ஒரு கட்டம்தான் பாக்கி.
பெயர், ஐ.சி. எண், ரத்த வகைகூட எழுதிவிட்டேன்.
‘பேங்க் கணக்கு எண்’ என்ற இடத்தில்
செம்பனை எண்ணெய் ஊறிய பெருவிரலை வைத்துக்கொண்டு
மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.
இனிமேல் சம்பளம் கையில் இல்லையாம்.
கூட்டுறவுச் சங்கத்தின் நீலப் புத்தகம்
அவர்கள் கம்ப்யூட்டருக்குப் புரியாதாம்.

பகாவ் பெரிய பேங்கில் நல்ல குளிர்.
கண்ணாடிக் கதவு தானாக விலகியது.
நேப்பாளிக் காவலாளி எனக்கும் தலையசைத்தான்.
ஆயிரத்து நாற்பத்தேழாம் எண் சீட்டு.
கவுண்டரில் இருந்த நூருல் அய்னி
குணவதி என்பதை இரண்டு முறை உடைத்து வாசித்து
சிரித்து, மன்னிப்புக் கேட்டாள்.
அவளுக்கு என்னைத் தெரியாது.
அது எவ்வளவு சுகம் என்று
வெளியே வந்து, வெயிலில் காய்ந்த மோட்டார் சீட்டு
சுட்டபோதுதான் உறைத்தது.

சங்கத்தில் எல்லாருக்கும் என்னைத் தெரியும்.
பொருளாளர் அமிர்தலிங்கம்
மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார்:
“முந்நூறு வெள்ளியா? எதுக்கும்மா?”
அவர் நோட்டை எண்ணி முடிக்குமுன்
அந்த எதுக்கு கோயில் முச்சந்தியைத் தாண்டியிருக்கும்.
போன தை மாதம் பல் கட்டப் பணம் எடுத்தேன்.
ராத்திரியே கொழுந்தன் ரெங்கன்
சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்,
“பல்லுக்கு அவ்வளவா அண்ணி?”
வாயை மூடிக்கொண்டு மென்றேன்.

பேங்கை நம்பி ஓடவும் தயக்கம்.
பாக்கியவதி ஒரு மாதக் கடைசியில் வந்து நின்றாள்.
அவள் கார்டில் நாற்பத்து மூன்று வெள்ளி.
இயந்திரம் ஐம்பதுக்குக் கீழே பேசாது.
“ஏழு வெள்ளி குடுங்கக்கா,
போட்டு ஐம்பதா எடுத்துக்கிறேன்.
பிள்ளைக்குப் பால் மாவு.”
சொந்தக் காசை மீட்கக் கடன்.
சங்கமென்றால் அமிர்தலிங்கம்
மூன்று வெள்ளியையும் சில்லறையாக எண்ணி வைத்திருப்பார்,
எதுக்கு என்று கேட்டுவிட்டு.

என் வீட்டுக்காரர் லோரி கவிழ்ந்து கிடந்த இரவு
பத்து மணிக்குக் கைலியோடு ஓடி வந்து
இரும்புப் பெட்டியைத் திறந்தவரும் அவர்தான்.
அன்றைக்கும் கேட்டார்.
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

பொதுக்கூட்டம் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில்.
ஆளுக்கொரு மீகூன் பொட்டலம், ஒரு பாக்கெட் தண்ணீர்.
எழுந்து சொன்னேன்:
சனிக்கிழமையும் கவுண்டர் திறக்கணும்,
எதுக்குன்னு கேட்கிறதை நிறுத்தணும்.
பின்வரிசையில் யாரோ, “எதுக்காம்?” என்றார்.
மண்டபமே சிரித்தது; நானும்தான்.
கையெண்ணிக்கை: ஆதரவு முப்பது, எதிர்ப்பு நாற்பத்தொன்று.
தோற்றேன்.
அந்தக் குளிர் அறையில் நான் கை தூக்கியிருந்தால்
காவலாளி கழிவறைக்கு வழி காட்டியிருப்பான்.

வியாழக்கிழமை கட்டத்தை நிரப்பினேன்.
நூருல் அய்னி தந்த பன்னிரண்டு எண்,
ஒன்றுக்கொன்று உறவில்லாத எண்கள்.

முதல் சம்பளம் விழுந்த அன்று
ஐம்பது வெள்ளி நோட்டு ஒன்றை எடுத்து
ஆ லெக் கடையில் கோப்பி ஓ குடித்து உடைத்தேன்.
இருபது வெள்ளியை நீலப் புத்தகத்துக்குள் வைத்து நீட்டினேன்.
அமிர்தலிங்கம் தலை நிமிரவில்லை.
“பேங்குக்குப் போயிட்டியாமே. எதுக்கும்மா?”
“அங்க இதைக் கேட்க மாட்டாங்க.”
முத்திரையைக் குத்தினார்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாக.
மேசை மேலிருந்த பேனா உருண்டது.

திரும்பும்போது செம்பனை வரிசை நெடுகக்
கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்:
நாற்பத்தொன்றிலிருந்து ஆறு கை
இந்தப் பக்கம் திரும்பினால் போதும்.