கல்மழை

வானத்தைச் சந்தேகிப்பது என் சம்பளம்.
நெப்ராஸ்காவில் ஏழு கவுண்டிகளின் கூரைகளை
கல்மழைக்கு எதிராகக் காப்பீடு செய்திருக்கிறோம்.
தகரம் பொத்தல் என்று எவராவது எழுதினால்
அன்றைய ரேடார் படத்தைத் திறப்பேன்.
சிவப்பு இருந்தால் காசோலை.
இல்லாவிட்டால் வருந்துகிறோம் என்றொரு கடிதம்;
அது அச்சடித்தே இருக்கிறது.

ஆர்லீன் போஸ்பிசில்.
டிராக்டர் கொட்டகைக் கூரையில் ஓர் ஓட்டை.
அக்டோபர் ஒன்பது, இரவு.
காரணம்: "நாய் குரைத்தது. அப்புறம் டமார்."
அன்று வானில்
நூலளவு மேகமும் இல்லை.
கடிதம் போயிற்று.

படத்தை மூடாமல் விட்டதற்குக் கடமை காரணமல்ல,
சாண்ட்விச் பாதி மீதமிருந்தது.
9:52.
பத்து கிலோமீட்டர் உயரத்தில் நாலு சதுரங்கள்,
மங்கிய பச்சை.
அடுத்த வீச்சில் ஆறில்.
அதற்கடுத்து மூன்றில்.
பிறகு பூமியின் வளைவுக்குள் இறங்கிவிட்டன,
ரேடாருக்குக் கண் எட்டவில்லை.
வலசை போகும் வாத்துகள் பக்கவாட்டில் நகரும்.
மழை கூட்டமாக வரும்.
இவை
வெளிச்சத்தையெல்லாம் மேலேயே செலவழித்துவிட்டு
இருட்டில், ஆறிப்போய்,
வெறும் எடையாக விழுந்தவை.
சிறியவற்றைக் காற்று கிழக்கே ஒதுக்கியிருந்தது.

சனிக்கிழமை என் சொந்தக் காரில் போனேன்.
"கடிதம் எழுதின ஆளா?" என்றாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.
அறுத்த சோளத் தட்டைகளுக்கிடையே
கோல்ஃப் மட்டையில் காந்தம் கட்டி
குனிந்து குனிந்து நடந்தேன்.
மூன்று மணி நேரத்தில் கிடைத்தவை:
கறுப்பாய்க் காய்ந்த சாணி, பதினேழு முறை ஏமாந்தேன்;
விதைப்பு எந்திரத்தின் மரை ஒன்று;
முழங்காலில் வலி.

தண்ணீர் குடிக்கக் கொட்டகைக்குள் வந்தேன்.
ஓட்டை வழியே ஒரு காசளவு வெயில்
சிமெண்ட் தரையில் கிடந்தது.
பக்கத்தில் நாய்த் தீனிப் பீப்பாய்,
அதன் மூடிமேல் பாரமாக
கட்டைவிரல் பதித்த மாவுபோல் குழிந்த
கரிய கல்.
காந்தம் என் கையை இழுத்துக்கொண்டு
அதனிடம் போயிற்று.

"ரக்கூன் திறந்துடும், அதுக்காக வெச்சேன்" என்றாள்.
"ஓட்டைக்கு நேர் கீழே கிடந்தது."
ஏன் எழுதவில்லை என்றேன்.
"உங்க படிவத்துல
கல்மழை, காற்று, தீ,
மூணு கட்டம்தானே இருக்கு.
கல்லுக்குக் கட்டம் எங்கே?"

சமையலறைத் தராசில் எண்ணூற்று நாற்பது கிராம்.
பதினாறு வருடமாக
உருகிப்போன சாட்சிகளையே விசாரித்து வருகிறேன்.
முதன்முதலாக ஒன்று
எனக்காகக் காத்திருந்தது.

திங்கட்கிழமை கோப்பைத் திரும்ப எடுத்தேன்.
எங்கள் பாலிசியில் கல்மழை என்றால் பனிக்கட்டி;
பதினொன்றாம் பக்கம், தெளிவாகவே சொல்கிறது.
மறுப்பு மறுப்பாகவே நின்றது.
அவளுக்கு அதில் கோபமில்லை,
தகரத்தைத் தம்பி ஒட்டுப்போட்டுவிட்டானாம்.
கல்லைக் கேட்டு லிங்கனிலிருந்து
பல்கலைக்கழகத்தார் இரண்டு தடவை வந்தார்களாம்.
மூடிக்கு வேறு பாரம் கிடைக்கட்டும், பார்க்கலாம்
என்று அனுப்பிவிட்டாள்.

நான் இப்போதெல்லாம்
மேகமில்லாத இரவுகளின் படங்களையும் திறக்கிறேன்,
யாரும் எதையும் கோராத இரவுகளை.